லவால் வீட்டுக்குப் பூக்கட்டிப் பார்த்த கதை

உ

பார்க் எக்ஸ்டென்ஷன், மொன்றியல்
23.09.2007, ஞாயிறு

அன்புள்ள மகள் சிவாஜினிக்கு அம்மா எழுதிக்கொள்வது,

நானும் தம்பி பிருந்தனும் இங்கே சுகமாக இருக்கிறோம். நீயும் அந்த அவுஸ்திரேலியச் சுரங்கத்துச் செம்மண் புழுதிக்குள் நோய் நொடி இல்லாமல், நேரத்துக்குச் சாப்பிட்டு, நித்திரை கொண்டு சுகமாக இருக்கவேண்டும் என்று வழக்கம்போலப் பிள்ளையாரைக் கேட்டிருக்கிறேன். வழக்கம்போல என்று எழுதிவிட்டேனே தவிர, அவருடைய முகத்தைப் பார்த்துக் கேட்டு ஒரு மாதம் ஆகப்போகிறது. விளக்கு ஏற்றுகிறேன், திருநீறு பூசுகிறேன், படத்தின் கால்மாட்டைப் பார்த்தே கும்பிட்டுவிட்டுக் குசினிக்குள் ஓடிவந்துவிடுகிறேன். இந்தக் கடிதத்தின் தலையில் உ போடவே பேனையை இரண்டு தரம் வைத்து எடுத்தேன். ஞாயிறுதோறும் போனில் கதைக்கிறவளுக்குக் கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போனில் சொல்லத்தான் பார்த்தேன். ஒரு கிழமை நீ உன் புதுச் சப்பாத்தின் பாரத்தைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாய், சிரிக்கிற பிள்ளையிடம் எப்படிச் சொல்வது என்று விட்டேன். அடுத்த கிழமை பாதியில் லைன் அறுந்தது, அறுந்ததே நல்லது என்று இருந்துவிட்டேன். உன் வீட்டு விஷயத்தில் அம்மா ஒரு பிழை செய்துவிட்டேன் பிள்ளை. சின்னப் பிழை என்று என்னையே ஏமாற்றிக்கொண்டிருந்தேன், சின்னப் பிழை இல்லை.

முதலில் மற்றச் செய்திகளைச் சொல்லிவிடுகிறேன், பிறகு எழுத மனம் வராது. முழங்கால் நோ அப்படியேதான், படி ஏறும்போது மட்டும் தன்னை நினைவுபடுத்துகிறது. மேல்மாடிச் செபமாலை அக்காவின் மகளுக்குப் பெண் குழந்தை, தலை நிறைய மயிர். பிருந்தன் ஏழு மணிக்கு வேலையால் வந்து நின்றுகொண்டே சாப்பிடுகிறான், இருந்து சாப்பிட்டால் கொம்பனி அவனை வெளியே அனுப்பிவிடும் என்று நினைக்கிறானோ தெரியாது. லவாலுக்கு மெட்ரோ வந்தது எனக்குத்தான் பெரிய சந்தோஷம். பார்க் ஸ்டேசனில் ஏறி, ஜோன் தலோனில் மாறி, கடைசி ஸ்டேசனில் இறங்கி ஒரு பஸ் எடுத்தால் உன் வீட்டுத் தெரு. பிருந்தனுக்காகக் காத்திராமல் நானே போய்வருகிறேன். கூரை முடிந்தது, யன்னல்கள் பொருத்தியாயிற்று, நீ தெரிந்தெடுத்த சாம்பல் நிறக் கல்லால் முன்பக்கத்தின் கீழ்ப்பாதியையும் கட்டிவிட்டார்கள். சுவருக்கு வெளியே அடிக்கிற சைடிங் வேலை நம்முடைய தேவதாசனின் கையில்தான். அப்பாவோடு டோர்வல் விமான நிலையத்தில் பெட்டி ஏற்றி இறக்கிய அதே தேவதாசன்தான், இப்போது சைடிங் அடித்து நல்லாய் இருக்கிறான். எனக்கு ட்ரிம் என்றால் என்ன என்று விளங்கப்படுத்தியதும் அவன்தான். அக்கா, சைடிங் எண்டால் சீலையின்ர உடல், ட்ரிம் எண்டால் கரை, கரை சரியில்லையெண்டால் என்ன பட்டெண்டாலும் எடுபடாது எண்டு சொன்னான். அந்தக் கரையில்தான் நான் விழுந்தேன்.

ஆடியில் நீ அனுப்பிய படத்தைப் பிருந்தன் வேலையிடத்தில் பெரிதாக அச்சடித்துக் கொண்டுவந்து மேசையில் விரித்தான். சுவர் முழுக்க மழை முகில் நிறம். யன்னலைச் சுற்றி, மூலைகளில், கூரை விளிம்பில் எல்லாம் கறுப்பு. பார்த்த பார்வையில் வேண்டாம் என்றேன். பிறகு நான்கு ஞாயிற்றுக்கிழமை நீயும் நானும் போனில் பட்ட பாடு உனக்குத் தெரியும். கறுப்பு வெயிலுக்கு வெளிறும் என்றேன், வெளிறாத சாமான் வந்துவிட்டது என்றாய். பனிக்கு உப்புப் படிந்து தெரியும் என்றேன், கழுவினால் போகும் என்றாய். வருகிற சனம் என்ன சொல்லும் என்றேன், சனமா அந்த வீட்டில் இருக்கப்போகிறது என்று கேட்டாய். எனக்குச் சந்தன நிறச் சைடிங்கும் மண்ணிறக் கரையும் போதும், லட்சுமிகரமாக இருக்கும் என்று நின்றேன். கடைசியில் நீ தணிந்த குரலில், அம்மா, தெரு முனையில திரும்பேக்கையே இது என்ர வீடு எண்டு எனக்குத் தெரியவேணும், இஞ்ச கன்டெய்னர் மாதிரி நூறு அறை, ஒரே நிறம், நம்பர் பாத்துத்தான் உள்ளுக்குப் போறன், போன கிழமை வேற ஆற்றையோ கதவில திறப்பைப் போட்டிட்டன் எண்டு சொன்னாய். நான் அதைக் காதில் வாங்கவில்லை. வீட்டுக்கும் நம்பர் போடுவினம்தானே என்று நக்கல் அடித்தேன். அதற்குப் பிறகுதான் நானே சொன்னேன், இனி நீயும் கதைக்க வேண்டாம், நானும் கதைக்கவில்லை, பூக்கட்டிப் பார்ப்போம், பிள்ளையார் சொல்கிறபடி நடக்கட்டும் என்று. பிள்ளையாருக்குச் சைடிங் தெரியுமோ அம்மா எண்டு சிரிச்சாய். பிறகு, சரி, அவர் கறுப்பு எண்டால் நீங்கள் பேந்து மூஞ்சையை நீட்டக்கூடாது எண்டு சொல்லி ஒத்துக்கொண்டாய்.

முனையில் இருக்கிற டெபனர் கடையில் வாளிக்குள் விற்கிற கார்னேசன் பூவில் வெள்ளை ஒரு கட்டும் சிவப்பில் ஒரே ஒரு பூவும் வாங்கி வந்தேன். வெள்ளை வந்தால் சந்தனம், சிவப்பு வந்தால் உன் கறுப்புக் கரை. கிழித்த கலண்டர் தாளை இரண்டாக்கி வைத்துக்கொண்டு குசினி மேசையில் இருந்தேன். ஒன்றில் வெள்ளையை வைத்து மடித்தேன். மற்றதுக்குச் சிவப்பைக் கையில் எடுத்தேன், வைத்துவிட்டு இன்னொரு வெள்ளையை எடுத்தேன். இரண்டு பொட்டலத்திலும் வெள்ளைதான் சிவாஜினி. அதைக் கொண்டுபோய்ப் படத்துக்கு முன்னால் வைத்து, கற்பூரமும் கொளுத்தி, கண்ணை மூடிக் கும்பிட்டும் நின்றேன். என்ன துணிவு பார். பிருந்தன் வேலையால் வந்து சப்பாத்தைக் கழற்றமுதல் முகம் கழுவிக்கொண்டு வந்து ஒன்றை எடு என்றேன். அவன் எதை எடுத்தாலும் ஒன்றுதான். விரித்துப் பார்த்துவிட்டு வெள்ளை அம்மா எண்டான். மற்றதை நான் சேலைத் தலைப்புக்குள் எடுத்துக்கொண்டு போய்க் குப்பையில், தேயிலைச் சக்கைக்குக் கீழே வைத்தேன்.

ஏன் செய்தேன் என்று உனக்குச் சொல்லவேண்டும். வெளிறும், உப்புப் படியும் என்று நான் சொன்னதெல்லாம் சும்மா கதை. அப்பா போனபோது தமிழ்ப் பத்திரிகையில் போட்ட மரண அறிவித்தலை என் சேலை அலுமாரியில் வைத்திருக்கிறேன். கறுப்புக் கரைக்குள் அவருடைய முகம். நீ அனுப்பிய படத்தில் ஐந்து யன்னல், ஐந்துக்கும் கறுப்புக் கரை. எனக்கு வீடு தெரியவில்லை பிள்ளை, ஐந்து அறிவித்தல்தான் தெரிந்தது, உள்ளே யாருடைய படத்தை வைக்கப்போகிறார்கள் என்றுதான் நெஞ்சு அடித்தது. இதை உனக்கு நேரே சொல்லியிருக்கலாம். படித்த பிள்ளை, அம்மாவுக்கு விசர் என்று நினைக்குமோ என்று வெட்கப்பட்டேன். அதைவிட, அப்பாவின் கதையை எடுத்தால் நீ அங்கே தனிய இருந்து அழுவாய் என்று பயந்தேன். ஆனால் இதையெல்லாம் சொல்லி என் பிழையைக் கழுவப் பார்க்கிறேன் என்று நினைக்காதே. பயம் என்றால் பயம் என்று சொல்லவேண்டும். பயத்தைத் தூக்கிப் பிள்ளையாரின் வாய்க்குள் வைத்து, அவர் சொன்னார் என்று உனக்குச் சொல்லக்கூடாது.

அன்று போனில் வெள்ளை வந்தது என்று சொன்னேன். சண்டை பிடிப்பாய் என்று நான் ஆயத்தமாக நின்றேன். நீ, ஓம் அம்மா, அவர் சொன்னால் சரி, நீங்களே சைன் வையுங்கோ எண்டாய். அவ்வளவுதான். நீ ஒரு சொல் கூடச் சொல்லியிருந்தாலும் எனக்கு இவ்வளவு குத்தியிருக்காது. அடுத்த நாள் நீ தந்துவிட்டுப் போன அதிகாரக் கடிதத்தையும் கொண்டு கட்டிடக்காரரின் கந்தோருக்குப் போய், பிரெஞ்சில் இருந்த தாளில் அந்தப் பெண் காட்டிய இடமெல்லாம் கையெழுத்து வைத்தேன், ஊய் ஊய் மெர்சி என்று சொல்லிவிட்டு வந்தேன். வீட்டுக்கு வந்தால் மிஞ்சிய சிவப்புப் பூ குசினி மேசையில் கிடக்கிறது. எறிய மனமில்லாமல் ஒரு கிளாசில் தண்ணீர் விட்டு யன்னலில் வைத்தேன். பன்னிரண்டு நாள் வாடவில்லை. நான் பாத்திரம் கழுவும்போதெல்லாம் அது என்னைப் பார்த்துக்கொண்டே நின்றது.

போன புதன்கிழமை தேவதாசனுக்குப் பிளாஸ்கில் தேத்தண்ணியும் நான்கு ரோல்சும் கொண்டு தனியே லவாலுக்குப் போனேன். பஸ்ஸால் இறங்கித் தெருவுக்குள் திரும்பினால் இரண்டு பக்கமும் சந்தன நிற வீடுகள், எல்லாவற்றுக்கும் கீழே கல்லும் மண்ணிறக் கரையும். ஒருவரும் ஒன்றும் தெரிந்தெடுக்காவிட்டால் கட்டிடக்காரர் அடிக்கிற நிறம் அதுதானாம், இது எனக்கு முன்பே தெரியாது. நான் பாட்டுக்கு ஒரு வீட்டின் பக்கத்தால் பின்னுக்குப் போய், தேவதாசன், தேத்தண்ணி கொண்டுவந்திருக்கிறேன் என்று கூப்பிட்டேன். பின்கதவைத் திறந்துகொண்டு ஒரு வெள்ளைக்காரப் பெண் தலையில் துவாய் கட்டியபடி வந்து போன்ஜூர் மடாம் என்றாள். நான் கையில் பிளாஸ்கோடு நிற்கிறேன். உன் வீடு அதற்கும் இரண்டு வீடு தள்ளி. என் பிள்ளை சம்பாதித்து வாங்கிய வீட்டை, மாதத்தில் நான்கு தரம் வந்துபோகிற எனக்கே பகல் வெளிச்சத்தில் தெரியவில்லை. நீ வேறு ஆருடையவோ கதவில் திறப்பைப் போட்டேன் என்று சொன்னது அந்த இடத்தில் வைத்துத்தான் என் காதில் விழுந்தது. ஒரு மாதம் பிந்தி விழுந்தது.

தேவதாசன் முன்பக்கமும் இடப்பக்கமும் அடித்து முடித்திருந்தான். எப்படி இருக்கு என்று கேட்டேன். அக்கா, கோவிக்காதேங்கோ, சாம்பல் கல்லுக்கு மேல கஸ்டர்ட் ஊத்தின மாதிரிக் கிடக்கு, பிள்ளை முதல் கேட்டதுதான் இந்தக் கல்லுக்குப் பொருத்தம், ஆர் மாத்தினது எண்டு கேட்டான். பிள்ளையார் மாற்றினார் என்று சொல்ல வாய் வரவில்லை. நான்தான் என்று சொல்லிவிட்டு அங்கே அடுக்கியிருந்த பலகையில் இருந்துவிட்டேன். கையை நிறுத்து தேவதாசன், இனி ஒரு துண்டும் அடிக்காதே என்றேன். அவன் நல்ல பிள்ளை, ஏன் எதற்கென்று கேட்கவில்லை. அடித்ததைக் கழற்ற ஒரு கொக்கி இருக்கிறதாம், முறியாமல் வருமாம், அந்தத் துண்டுகளை அடுத்த வீட்டுக்கு அடிக்கலாமாம், அதற்கும் இதே நிறம்தான். கந்தோரில் தேவதாசனே எனக்காகப் பிரெஞ்சில் கதைத்தான். வருகிற மாதம் பன்னிரண்டாம் தேதிக்குள் கையெழுத்து வைத்த புதுத் தாள் வந்தால் மாற்றித் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். அதுவரை மற்ற இரண்டு பக்கமும், சைடிங்குக்குக் கீழே சுற்றுகிற வெள்ளைத் தாளோடு உன் பதிலுக்கு நிற்கின்றன.

கந்தோரில் தந்த அந்தப் புதுத் தாளை இதோடு வைத்திருக்கிறேன். இரண்டு நிறத் துண்டுகளையும் ஒட்டியிருக்கிறேன், வெளிச்சத்தில் வைத்துப் பார். எனக்கும் கையெழுத்து வைக்க அதிகாரம் இருக்கிறதுதான், ஆனால் இந்த முறை நான் பேனையைத் தொடமாட்டேன். நீ வைத்து உங்கள் கந்தோரிலிருந்து ஃபாக்ஸ் பண்ணு. ஒன்று மட்டும், அம்மா பாவம் என்று எனக்காகச் சந்தனத்துக்கு அடையாளம் போட்டுவிடாதே. கறுப்புக் கரைக்கு நான் பழகிக்கொள்வேன். இருபது வருடமாக இந்தப் பனிக்குப் பழகிய எனக்கு ஐந்து யன்னல் பெரிய காரியமில்லை. திரைச்சீலையை மட்டும் நான் தெரிந்தெடுக்கிறேன், அதை விட்டுத்தா.

இனி எழுதப்போவதுதான் எனக்குப் பயம். புதன் இரவே பிருந்தனிடம் உண்மையைச் சொன்னேன். சிரிப்பான் என்று நினைத்தேன். அவன் சாப்பாட்டுக் கோப்பையை வைத்துவிட்டு, அப்ப என்னை ஏன் அம்மா எடுக்கச் சொன்னீங்கள், நான் உண்மை எண்டு நினைச்செல்லோ கும்பிட்டிட்டு எடுத்தன் எண்டான். அறைக்குள் போனவன் திரும்பி வந்து கதவடியில் நின்றுகொண்டு, அப்ப அக்கா அவுஸ்திரேலியா போகேக்கை பூக்கட்டிப் பாத்ததும் இப்பிடித்தானோ எண்டு கேட்டான். இதைச் சொன்னால் நீயும் அதைத்தானே கேட்பாய். அந்த ஒரு பூவை நம்பித்தானே நீ போனாய்.

அது 2004 சித்திரை. அப்பா போய் ஆறு மாதம் ஆகவில்லை. உனக்கு அந்தச் சுரங்க வேலைக்குக் கடிதம் வந்து, அம்மாவை விட்டுப் போவதா நிற்பதா என்று நீ சாப்பிடாமல் திரிந்தாய். வெள்ளை வந்தால் போவது, சிவப்பு வந்தால் நிற்பது என்று நீதான் சொன்னாய். அன்றும் நான்தான் குசினியில் தனியே இருந்து பொட்டலம் மடித்தேன், அதனால்தான் உனக்குச் சந்தேகம் வரும். உண்மையைச் சொல்கிறேன், அன்றும் இரண்டிலும் சிவப்பு வைக்க எனக்கு எண்ணம் வந்தது. இரண்டு சிவப்புப் பூவையும் ஒன்றாய்க் கையில் எடுத்தேன். பிறகு ஒன்றைத் திருப்பி வைத்துவிட்டேன். உன் வாழ்க்கையோடு விளையாடக் கை வரவில்லை. ஒன்றில் சிவப்பு, ஒன்றில் வெள்ளை, நேர்மையாக மடித்து வைத்தேன். சிவப்பு வரவேண்டும், சிவப்பு வரவேண்டும் என்றுதான் கும்பிட்டுக்கொண்டு நின்றேன். நீ உன் கையால் எடுத்து விரித்தாய், வெள்ளை. நீ என்னைக் கட்டிப்பிடித்து அழுதாய், நானும் சிரித்துக்கொண்டு போய்வா என்றேன்.

பெரிய காரியத்தில் நேராய் இருந்தவள் போயும் போயும் யன்னல் கரைக்கு ஏன் ஏமாற்றினாள் என்று கேட்டால், எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். ஒருமுறை பிள்ளையாரை நம்பி உன்னைக் கொடுத்துவிட்டேன். இரண்டாம் முறை நம்பப் பயமாக இருந்தது. என் சொல்லை இனி எதை வைத்து நம்புவது என்று நீ கேட்டால், காட்ட என்னிடம் ஒரு சாட்சிதான் இருக்கிறது. நான் அன்று ஏமாற்றியிருந்தால் நீ இன்றைக்கு என் பக்கத்தில் இருந்திருப்பாய்.

தை மாதம் குடிபூரலுக்கு நீ வரும்போது பால் பொங்குகிற பானையை நீயே அடுப்பில் வை. வீடு உன்னுடையது, நான் பக்கத்தில் நின்று நெய் தருகிறேன். தலைக்கு எண்ணெய் வை, தண்ணீர் நிறையக் குடி, வெயிலில் தொப்பி இல்லாமல் திரியாதே. இந்தக் கடிதத்தை ஒட்டிய பிறகு விளக்கேற்றி, இன்றைக்காவது அவருடைய முகத்தைப் பார்த்துக் கும்பிடப்போகிறேன். என்னை அவர் மன்னிக்கிறாரோ இல்லையோ, உன்னைக் குறைவில்லாமல் நிறைவாக வைத்திருக்கட்டும்.

தாளைப் பார்த்து நீயே அடையாளம் போட்டு அனுப்பு, பன்னிரண்டாம் தேதி மறந்துபோகாதே. அங்கே இருந்துகொண்டு பூக்கட்டிப் பார்க்காதே.

உன் மன்னிப்புக்காகக் காத்திருக்கும்
அம்மா
ச. குணேஸ்வரி